ரம்பம் வாங்கப் பஸ்ஸில் போன கட்டை

எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கைரம்பம் இருந்தது. உங்களில் மூத்தவள் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கும் நினைவிருக்காது. அப்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள், நான் அதை அவள் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். தொண்டிக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பனையோலை வேய்ந்த வீட்டில் நானும் உங்கள் அம்மாவும் குடியிருந்தோம். உப்புக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நம்பர் போடுவது என் வேலை. எட்டாம் வகுப்புவரை படித்தவன் என்பதால் அந்த வேலை கிடைத்தது. படிப்பின் அருமையை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இதை எழுதவில்லை. படிப்பு இந்தக் கதையில் எப்படிக் காலை வாரிவிட்டது என்பது பின்னால் வருகிறது.

அந்த ரம்பம் எனக்கு முன்னால் எத்தனை பேர் கையில் இருந்ததோ தெரியாது. நுனி ஒடிந்திருந்தது. மரப்பிடி விரிந்துபோய், வலை பின்னுகிற நூலால் சுற்றிக் கட்டியிருந்தேன். நடுவில் நான்கு பல் கிடையாது. அதனால் இழுக்கும்போது பாதி தூரம் ஒழுங்காகப் போய், நடுவில் 'கடக்' என்று ஒரு குதி குதித்து, மறுபடி ஒழுங்காகப் போகும். கடல் காற்றுக்குத் துரு ஏறுகிறது என்று சுறா எண்ணெயைத் தடவி வைப்பேன். எண்ணெய் தடவியதிலிருந்து தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வீட்டுச் சுவரடியில் வந்து உட்கார்ந்து அண்ணாந்து ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தீட்டித் தரச்சொல்லி ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கு மேல அரம் போட்டா ஒமக்குப் பிடி மட்டுந்தேன் மிஞ்சும்" என்றார்.

சரி, விறகுச் சுள்ளி அறுக்க இது போதும் என்று நானும் இருந்துவிட்டேன். அந்த வருஷம் ஆடிக்காற்றில் வீட்டுக்குப் பின்னால் நின்ற பூவரசு சாய்ந்தது. விழவில்லை. விழுந்திருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். அடுப்படிக் கூரையை எட்டிப் பார்க்கிற மாதிரி சாய்ந்து, அப்படியே நின்றுகொண்டது.

உங்கள் அம்மா மண் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில், பாதை ஓரமாக வைத்தாள்.

"மரத்த எடுத்துட்டுச் சொல்லுங்க. அடுப்படிக்குள்ள நானும் போகமாட்டேன், பிள்ளையவும் விடமாட்டேன்" என்றாள்.

அந்தப் பாதை கடற்கரைக்குப் போகிற பாதை. மீன் கூடைக்காரர்கள், வலைக்காரர்கள் எல்லோரும் அதில்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது அன்றிலிருந்து ஊருக்கே தெரிந்தது. தெரிந்ததோடு விடுவார்களா? போகிறவர் ஒருவர் நின்று, "இன்னைக்கும் கத்தரிக்காயா?" என்பார். அடுத்து வருகிறவர் மூடியைத் தூக்கிப் பார்த்து, "புளி காணாது தாயி" என்பார். பக்கத்து வீட்டு வள்ளக்காரர் ஒருநாள் எங்கள் சட்டியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இரண்டு பாறை மீனைப் போட்டுவிட்டுப் போனார். உங்கள் அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மீனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒரு மரவெட்டியைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மரம் சாய்ந்த அன்று உங்கள் மாமா வந்திருந்தார். அவர் உங்கள் அம்மாவின் அண்ணன், முதுகுளத்தூர்ப் பக்கம் மாடு, ஆடு தரகு பார்க்கிறவர். அவர் முன்னால் நான், "இதுக்கெதுக்கு ஆளு? நானே அறுத்துத் தள்ளிருவேன்" என்று சொல்லிவிட்டேன். மைத்துனர் முன்னால் சொன்ன வாக்கை மாற்றுகிற தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

புரட்டாசி பாதி போயிற்று. கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. மழை இறங்கினால் வாசல் அடுப்பு கரைந்துவிடும். அப்புறம் கஞ்சிக்கும் வழியில்லை. கோடாலி போட்டால் அதிர்விலேயே மரம் அடுப்படி மேல் உட்கார்ந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன ரம்பத்தை எடுத்துக்கொண்டு மரத்தடியில் மண்டி போட்டேன். மத்தியானம்வரை அறுத்தேன். நாலு விரற்கடை உள்ளே போயிற்று. பிறகு பிடித்துக்கொண்டு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. காலை மரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். நான் மல்லாந்து விழுந்தபோது பாதி ரம்பம் என் கையில் இருந்தது. மீதிப் பாதி மரத்துக்குள் இருந்தது. மரம் 'கிரீச்' என்று ஒரு சத்தம் கொடுத்தது.

உங்கள் அம்மா வந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்தாள்.

"முன்னாடி சாஞ்ச மரம். இப்ப சாஞ்சு, அறுபட்டும் நிக்கிது. நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றே உங்கள் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவரை ஏன் கூப்பிட்டேன் என்றால், எங்கள் சொந்தத்தில் பொருள் பார்த்து வாங்கத் தெரிந்தவர் என்று பேர் எடுத்தவர் அவர் ஒருவர்தான். அவர் பார்த்து வாங்கிக்கொடுத்த காளை சண்டித்தனம் பண்ணியதில்லை. அவருடைய திறமை மாட்டோடு சரியா, இரும்புக்கும் செல்லுமா என்று நான் யோசிக்கவில்லை.

அவர் வந்தார். உடைந்த ரம்பத்தைப் பார்த்தார், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மாப்ள, ராம்நாடு போவோம். அங்கன பாய் கடையில நல்ல சரக்கு இருக்கும். ஆனா சும்மா போகக் கூடாது. கட்ட ஒண்ணு எடுத்துக்கிருங்க."

"கட்ட எதுக்கு மச்சான்?"

"மாட்ட ஏர்ல பூட்டிப் பாக்காம எவனாச்சும் வாங்குவானா? ரம்பத்தயும் அறுத்துப் பாத்துத்தேன் வாங்கணும். வேற மரத்த அறுத்துப் பாத்து என்ன பிரயோசனம்? இதே மரமா இருக்கணும்."

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. காற்றில் முறிந்து விழுந்த பூவரசங்கிளை ஒன்று கிடந்தது. தொடை கனம், இரண்டு முழம் நீளம். அதை எடுத்துக்கொண்டோம். என் பங்குக்கு நானும் ஒரு காரியம் செய்தேன். மரத்தின் அளவு தெரியாமல் ரம்பத்தின் அளவை எப்படி முடிவு செய்வது என்று ஒரு கயிற்றை எடுத்து மரத்தை அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டேன். பழைய மாதிரியே ஒரு சின்ன ரம்பம் வாங்கிவிடுவது என்றுதான் மனதில் இருந்தது. இருந்தாலும் படித்தவன் அளக்காமல் போகலாமா?

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் கட்டையைப் பார்த்தார்.

"என்னது இது?"

"கட்ட" என்றார் உங்கள் மாமா.

"கட்டன்னு தெரியிது. எங்க கொண்டு போறீக?"

"ரம்பம் வாங்க."

"ரம்பம் வாங்கப் போறவக கட்டையத் தூக்கிட்டு ஏன் போறீக?"

"நீங்க செருப்பு வாங்கப் போனா கால வீட்டுல வச்சிட்டா போவீக?"

கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். வழியில் மிளகாய் மூட்டைக்காரர் ஒருவர் ஏறி, எங்கள் கட்டையைப் படுக்கப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. டிக்கெட் வாங்கிய கட்டைக்குப் பக்கத்தில் அதன் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே போனோம்.

ராமநாதபுரத்தில் அந்த இரும்புக்கடை பெரியது. கடைக்காரர் வெள்ளைத் தொப்பி வைத்த, நிதானமான மனிதர். கட்டையோடு இரண்டு பேர் படியேறுவதைப் பார்த்து, "விறகு இங்கன வாங்குறதில்ல தம்பி, அடுத்த தெருவு" என்றார்.

"விக்க வரல பாய். ரம்பம் பாக்க வந்தம்."

அவர் மூன்று ரம்பம் எடுத்து வைத்தார். ஒன்று எங்களுடையது போலச் சின்னது, என்ன அழகாக இருந்தது தெரியுமா, நாலு பல்லும் சேர்த்து எல்லாப் பல்லும் இருந்தது. இரண்டாவது கொஞ்சம் நீளம். மூன்றாவது ஆள் உயரம். இரண்டு முனையிலும் பிடி வைத்தது, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அறுப்பது.

உங்கள் மாமா வேலையை ஆரம்பித்தார். முதலில் மூன்றையும் தூரத்தில் நின்று பார்த்தார். பின்பு பின்பக்கமாகப் போய் நின்று பார்த்தார். சின்ன ரம்பத்தின் முதுகில் லேசாகத் தட்டினார். அது அதிர்ந்தது.

"கொஞ்சம் மிரளுது" என்றார்.

இரண்டாவதைத் தடவிப் பார்த்து, "எந்த ஊருச் சரக்கு பாய்? இதுக்கு முந்தி யாருட்ட நின்னுச்சு?" என்று கேட்டார்.

"அலமாரியில நின்னுச்சு" என்றார் பாய்.

பெரிய ரம்பத்தில் ஓரிடத்தில் வட்டமாக ஒரு துருப்புள்ளி இருந்தது. உங்கள் மாமா குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். மாட்டில் சுழி பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். எந்த இடத்தில் சுழி இருந்தால் ஆகும், எந்த இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது.

"நடு முதுகுலதேன் இருக்கு. தோசமில்ல" என்று என் காதில் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கிட்டங்கியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பு வரும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து, இத்தனை விரல் என்றால் இத்தனை என்று பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியாது. உங்கள் மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கைமேல் போட்டுக்கொண்டு கடைக்காரரிடம் நீட்டினார். பாய்க்குச் சந்தை வழக்கம் தெரியாது. ஏதோ மரியாதை செய்கிறார் என்று நினைத்து, எழுந்து நின்று, துண்டுக்கு அடியில் கையை விட்டு அன்பாகப் பிடித்துக்கொண்டு, "வ அலைக்கும் ஸலாம்" என்றார். உங்கள் மாமா மூன்று விரலை அழுத்தினார். பாய் பதிலுக்குக் கை முழுவதையும் அழுத்தினார். உங்கள் மாமா திடுக்கிட்டு இரண்டு விரலுக்கு இறங்கினார். பாய் இன்னும் பலமாக அழுத்தினார்.

"ரொம்ப விறைப்பா இருக்காரு மாப்ள" என்று உங்கள் மாமா என்னிடம் முணுமுணுத்தார்.

"தம்பிக்குக் கை நடுங்குதே. காலையில ஏதும் சாப்பிடலையா?" என்று பாய் என்னைக் கேட்டார்.

நான் விளக்கிச் சொன்னேன். பாய் கையை உருவிக்கொண்டு, சுவரில் எழுதித் தொங்கிய 'ஒரே விலை' என்ற அட்டையைக் காட்டினார். உங்கள் மாமாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசித்துக் காட்டியதும் அவர் முகம் விழுந்துவிட்டது. பேரம் இல்லாத ஊரில் அவருக்கு என்ன வேலை? ஆனால் கட்டை இருந்தது.

"சரி பாய். அறுத்துப் பாத்துருவோம்."

"பல்லு மரத்துல பட்டுருச்சுன்னா அப்புறம் அது பழசு தம்பி. நீங்க வேணாம்ன்னுட்டா நான் யாருக்கு விப்பேன்?"

"ஒரு சால் உழுது பாத்ததுனால காள பழசாயிருமா? எங்க பக்கம் மூணு நாளு கட்டி வச்சுப் பாத்துட்டுக்கூட ஓட்டி விட்டுருவம்."

"காளைய நான் விக்கலையே" என்றார் பாய்.

அதற்குள் படியடியில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எதிர்த்த டீக்கடைக்காரர், "அறுக்கட்டும் பாய், கட்டையெல்லாம் கொண்டாந்துருக்காக" என்று சிபாரிசு செய்தார். கடைசியில் பாய் ஒரு நிபந்தனை போட்டார். தொட்டதில் ஏதாவது ஒன்றை வாங்காமல் படி இறங்கக் கூடாது. நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

சின்ன ரம்பத்தை நான் பிடித்தேன். வெண்ணெயில் போவது போலப் போயிற்று. எனக்கு அப்போதே அதை வாங்கிவிட ஆசை. அப்போதுதான் ஜேபியில் இருந்த கயிறு நினைவுக்கு வந்தது. எடுத்து ரம்பத்தின் நீளத்தோடு வைத்துப் பார்த்தேன். கயிறு ரம்பத்தைத் தாண்டி எங்கேயோ போயிற்று. இரண்டாவது ரம்பத்தோடு வைத்தேன். அதையும் தாண்டிற்று. மூன்றாவதோடு வைத்தபோதுதான் ரம்பம் கொஞ்சம் மிச்சமாக நின்றது.

பாய் கயிற்றைப் பார்த்தார். "மரம் இம்புட்டா?"

"ஆமா பாய். அளந்துதேன் கொண்டு வந்துருக்கேன்."

"வீட்டுக்குப் பின்னாடி நிக்கிதா?"

"அடுப்படி மேல சாஞ்சு நிக்கிது."

"அல்லாவே" என்றார் பாய். அப்புறம் சின்ன ரம்பத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

பெரிய ரம்பத்தை நானும் உங்கள் மாமாவும் ஆளுக்கொரு முனையில் பிடித்து அறுத்துப் பார்த்தோம். நான் தள்ளினேன், அவரும் தள்ளினார். ரம்பம் நடுவில் வில்லாக வளைந்து 'டொய்ங்' என்றது. கூட்டம் சிரித்தது. "இழுக்குறத விட்டுட்டு ரெண்டு பேரும் தள்ளுறாக" என்று யாரோ சொன்னார்கள். பாய்க்குத் தன் சரக்குக் கெட்டுப்போகிறதே என்று பொறுக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்து, என்னை விலக்கிவிட்டு, ஒரு முனையை அவரே பிடித்தார். "இழுக்குறது மட்டுந்தேன் நம்ம வேல. தள்ளக் கூடாது. அவரு இழுக்குறப்ப கையத் தளர விட்டுறணும்" என்றார். அவரும் உங்கள் மாமாவும் இழுத்த இழுப்பில் கட்டை துண்டு துண்டாக விழுந்தது. கூட்டம் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சத்தம் போட்டது. கட்டை முழுவதும் தீர்ந்த பிறகுதான் இருவரும் நிறுத்தினார்கள். துண்டுகளை டீக்கடைக்காரர் பொறுக்கிக்கொண்டு போய் அடுப்பில் வைத்து, எங்கள் எல்லோருக்கும் அதிலேயே டீ போட்டுக் கொடுத்தார்.

ஆள் உயர ரம்பத்தைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது உங்கள் மாமா சொன்னார். "அப்ப நான் இப்படியே கெளம்புறேன் மாப்ள. நாளைக்குச் சந்தை."

"மரம் அறுக்க வரலையா மச்சான்?"

"அதான் சரக்குப் பாத்துக் குடுத்துட்டேன்ல."

முதுகுளத்தூர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். ரம்பத்துக்கு இரண்டு முனை இருப்பது தொண்டி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்தேன். உங்கள் அம்மா ரம்பத்தை ஒரு முனையில் தூக்கி, மரத்துக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

"எப்படி அளந்தீக?"

நான் கயிற்றை எடுத்து, மரத்தைச் சுற்றிக் கட்டிக் காட்டினேன். முடிச்சு சரியாக முடிச்சோடு வந்து சேர்ந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சுத்தளவ நேராப் புடிச்சு வாங்கிட்டு வந்துருக்கீக" என்றாள்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். இதைத்தான் படிப்பு காலை வாரிவிட்டது என்று முன்னால் சொன்னேன்.

"சரி. மறு முனைய யாரு பிடிக்கிறது?" என்றாள்.

கிழக்கே இடி இடித்தது. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வள்ளக்காரரையும் அவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் மரத்தின் உச்சியில் வள்ளத்துக் கயிற்றைக் கட்டி, அடுப்படிக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நின்று விறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் அடுப்படிப் பக்கத்திலிருந்து, பழைய ரம்பம் மாட்டிக் கிடந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே வைத்தோம்.

நான் இழுத்தேன், தள்ளினேன். ரம்பம் வளைந்தது.

"தள்ளாதீக."

"பழக்கம் வந்துருது."

"ரெண்டு பேரு ஒரே உரல்ல நெல்லுக் குத்துறப்ப பாத்ததில்லையா? எதிராளு ஒலக்க எறங்குறப்ப நம்ம கை மேல இருக்கணும். ரெண்டும் ஒண்ணா எறங்குனா முட்டிக்கிரும். அம்புட்டுத்தேன் சங்கதி. நான் 'ம்'ங்குறப்ப விட்டுருங்க."

அவள் 'ம்' என்றாள், நான் விட்டேன். நான் இழுத்தேன், அவள் விட்டாள். கொஞ்ச நேரத்தில் ரம்பம் தானாகவே போய்வருவது போல இருந்தது. ஒருமுறை நான் உற்சாகத்தில் அவளுக்கு முன்னால் 'ம்' என்று சொல்லிவிட்டேன். "அத நான் சொல்லுவேன்" என்றாள். கயிற்றைப் பிடித்திருந்த வள்ளக்காரர், "கேட்டுக்கிருங்கய்யா, அம்மாட்ட அடங்கி இருங்க" என்று அங்கிருந்தே சொன்னார்.

பாதிக்கு மேல் போனதும் மரம் முனக ஆரம்பித்தது. வள்ளக்காரர், "விலகுங்க" என்று குரல் கொடுத்தார். நாங்கள் ரம்பத்தை விட்டுவிட்டு ஓடினோம். அண்ணனும் தம்பியும் வலை இழுப்பதுபோல ஒரே மூச்சில் சாய்ந்து இழுத்தார்கள். மரம் ஒரு கணம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. எனக்கு அந்த ஒரு கணம் ரொம்ப நீளமாக இருந்தது. அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பி, வெற்று மணலில் படுத்தது. அடுப்படிக் கூரையில் ஓர் ஓலைகூட அசையவில்லை.

உங்கள் அம்மா மூச்சு வாங்க நின்று அடுப்படியைப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போனாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை இறக்கி, கந்தல் துணியால் பிடித்து உள்ளே கொண்டுபோனாள். நான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சூட்டில் கையைப் பொறுக்கமுடியாமல் நடுவில் இரண்டு முறை கீழே வைத்தேன். இரண்டு நாள் கழித்து மழை இறங்கி ஒரு வாரம் கொட்டியது. என்ன குழம்பு வைத்தோம் என்று யாரும் வந்து கேட்கவில்லை.

அந்த ரம்பத்தின் புகழ் கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. மழை விட்டதும் வள்ளக்காரர்தான் முதலில் வந்தார். வள்ளத்தை மணலில் உருட்டி ஏற்ற உருளைக்கட்டை அறுக்க வேண்டுமாம்.

"ரம்பத்த எடுத்துக்கிருங்க. நானும் வாரேன்" என்று எழுந்தேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க எதுக்குச் செரமப்படணும்? அம்மா சும்மா இருந்தா வரச் சொல்லுங்க. தம்பி மறு முனை பிடிச்சுக்கிருவான்."

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். "சோறு கொதிக்கிது. பொங்கி வடியாமப் பாத்துக்கிருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ரம்பத்தின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் கொஞ்சம் பொங்கித்தான் போயிற்று.